வ, தெ

எங்கள் பார்சல் ஆபீசில் இரண்டே திசை.
அடைக்கப்பன் அண்ணன் மார்க்கரால் எழுதிய
'வ' ஒரு சாக்கு, 'தெ' ஒரு சாக்கு.
கிழக்குக்கும் மேற்குக்கும்
செக்காலை ரோட்டில் இடமில்லை.

வெள்ளாறு தாண்டினால் வ.
வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்ன ஒரே சட்டம்.
சோழன் எல்லை பாண்டியன் எல்லை என்று
அவரும் எங்கேயோ கேட்டு வைத்திருக்கிறார்.
ஒரு ஞாயிறு பைக்கில் போய்ப் பார்த்தேன்.
மணல் இருந்தது. ஒற்றைச் செருப்பு இருந்தது.
கருவேலங்காய் மென்றபடி ஓர் ஆடு
பாண்டிய நாட்டிலிருந்து சோழ நாட்டுக்கு
நிதானமாக நடந்து போய்
பிடிக்காமல் திரும்பி வந்தது.

ராயவரம் பார்சல் வந்தால் மட்டும் சண்டை.
மாவட்டம் புதுக்கோட்டை, அதனால் வ
என்பான் லாரி முருகானந்தம்.
"ஆத்துக்கு இந்தப் பக்கம்டா, நம்ம ஊருடா"
என்று சாக்கிலிருந்து உருவுவார் அண்ணன்.
அவர் பெண் எடுத்த ஊர்.

வீட்டுக்குப் போனால் நானே வ.
ஜெபசெல்வி மார்த்தாண்டத்துக்காரி.
அம்மாவிடம் போனில் சொல்கிறாள்:
"இங்க வடக்க மழையே கெடையாது கேட்டியளா,
மீனெல்லாம் ஐஸ்ல வச்சது."
தோசையைப் பிய்த்த கை அப்படியே நிற்க
வாழ்வில் முதல்முறை வடக்கன் ஆனேன்.
வாடைக்காற்று ஒன்றும் வீசவில்லை.
வியர்த்துக்கொண்டுதான் இருந்தது.

மூட்டை தூக்கும் திபாகரை
கடைத்தெருவே வடக்கன் என்கிறது.
பெயரைக் கேட்டவர் நாலு பேர் இருக்கலாம்.
பாலேஸ்வர் பக்கம், கடலோரம்.
"வடக்குன்னா டில்லி அண்ணே. நாங்க கிழக்கு.
டில்லியில எங்க பேச்சுக்குச் சிரிப்பாங்க."
அவன் ஊரில் அவன் பெயர் மெட்ராஸ் திபாகர்.
மெட்ராஸ் பார்த்திருக்கிறாயா என்றேன்.
ரயில் நின்னுச்சு, தண்ணி பிடிச்சேன் என்றான்.

போன புதன்
லேணாவிளக்கு முகாமிலிருந்து வந்தார் தவமலர் அக்கா.
ஹார்லிக்ஸ் டப்பாவுக்குள்
பழைய பனியனில் சுற்றிய மூக்குக்கண்ணாடி.
ஊரில் இருக்கும் தம்பிக்கு.
எந்த ஊர்?
"கரவெட்டி. நாங்கள் வடக்கு ஆக்கள்."
சட்டென்று, அடையாள அட்டையை நீட்டுவதுபோல் சொன்னார்.
துப்பாக்கி வைத்திருந்த யாரோ
இதே கேள்வியை நிறையத் தரம் கேட்டிருக்க வேண்டும்.

போனில் வரைபடத்தைத் திறந்தேன்.
காரைக்குடி. விரலைக் கடலுக்குள் இழுத்தேன்.
வலப்பக்கம், கொஞ்சம் கீழே.
கீழேதான்.
அக்காவின் வடக்கு எங்களுக்குத் தெற்கே கிடந்தது.

காட்டினேன். அவர் பார்க்கவில்லை.
"முப்பத்துநாலு வரியமாத் தெரியும் தம்பி.
வந்த புதுசிலை தலை சுத்தினது.
வடக்கை தலை வைச்சுப் படுக்கக் கூடாதெண்டு
சொல்லுவினமெல்லே,
எந்த வடக்கெண்டு
ஒரு கிழமை நித்திரை இல்லை."

அண்ணன் டப்பாவை எடை போட்டார்.
யாழ்ப்பாணத்துக்குச் சென்னை வழியாகத்தான்,
அங்கிருந்து விமானம்.
தெற்கே இருக்கிற வடக்குக்கு
வடக்கே போய்த்தான் இறங்க வேண்டும்.
'வ' சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு
என்ன நினைத்தாரோ,
துணிப் பார்சல்களுக்கு நடுவே
கையை விட்டு ஆழமாக வைத்தார், உடையாதபடி.

திபாகர் கிசுகிசுத்தான்: "அவங்களும் வடக்கா?"
ஆமாம்டா.
அவன் அக்காவைப் பார்த்துச் சிரித்தான்,
பஸ் நிலையத்தில் ஊர்க்காரரைக் கண்டவன்போல.
அக்கா சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.
பதினொரு ரூபாய் குறைந்தது.